வெறும் முகமா, வரைந்த முகமா

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. பதில் தாமதமானதற்கு என் வலது மணிக்கட்டுதான் காரணம், பழைய வலி திரும்ப வந்துவிட்டது. ஒரு மாதம் தூரிகையைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், டைப் செய்வதும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். இன்று பரவாயில்லை. உன் அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா, அவர் மறுபடி பேப்பர் படிக்கிறார் என்ற வரியை இரண்டு முறை படித்தேன். இங்கே மகள் வேலைக்காக வெளியூர் போய்விட்டாள். அவள் அறையில்தான் இப்போது என் பொம்மைகள் எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். இத்தனை வருஷம் நான் அனுப்பிய படங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நீ கடைசியில் உனக்கென்று ஒரு ரெசின் பொம்மை வாங்கப் போகிறாய், ஆர்டர் படிவத்தில் ‘ஃபேஸ்அப்’, அதாவது முகத்துக்கு வண்ணம் தீட்டுவது, என்ற கட்டத்தில் வந்து நின்றுவிட்டாய். கம்பெனி வரைந்து தரும் முகமா, இல்லை வெறும் முகமாக வாங்கி வேறு ஒருவரிடம் கொடுத்து வரைந்துகொள்வதா. மூன்று இரவாகத் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. உடம்பும் கண்ணும் முடியும் உடையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், அந்த முகத்தைத்தான் தினமும் பார்க்கப் போகிறாய்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ‘ஃபேக்டரி பெயின்ட்’ என்றதும் நீ மெஷினை நினைக்கிறாய் என்று உன் கடிதத்திலேயே தெரிகிறது. கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் ஃபேஷன் பொம்மைகளுக்கு அது சரிதான். ஒரு தகட்டில் கண்ணும் உதடும் செதுக்கியிருக்கும், அதில் மையை நிரப்பி, மெத்தென்ற ஒரு சிலிக்கான் திண்டு அந்த மையை ஒற்றி எடுத்து முகத்தில் பதிக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஒற்றல். அதனால்தான் ஆயிரம் பொம்மைக்கும் ஒரே முகம், திண்டு ஒரு மயிரிழை நகர்ந்தால் உதட்டுச் சாயம் உதட்டைத் தாண்டி நிற்கும். ஆனால் நீ வாங்கப் போகிற மாதிரியான, உள்ளே எலாஸ்டிக் கோர்த்த பந்து மூட்டு ரெசின் பொம்மைக்கு கம்பெனியிலும் பெரும்பாலும் மனிதக் கைதான் வரைகிறது. அவர்களுடைய கலைஞர் ஒருவர் ஒரு மாதிரி முகத்தை உருவாக்குவார், பட்டறையில் இருக்கும் மற்றவர்கள் அதைப் பார்த்து ஒவ்வொரு தலையிலும் வரைவார்கள். விளம்பரப் படத்தில் நீ பார்ப்பது பெரும்பாலும் அந்த முதல் முகம், ஸ்டூடியோ வெளிச்சத்தில். உன் பெட்டியில் வருவது அதன் உடன்பிறப்பு. நல்ல உடன்பிறப்பாகத்தான் இருக்கும், ஆனால் இரட்டையாக இருக்கும் என்று எதிர்பார்க்காதே.

ஆக இரண்டு வழியிலுமே கைதான் வரைகிறது. கம்பெனியில் அந்தக் கை மாதிரி முகத்தைப் பார்த்து வரையும், நீ தேடிப் போகும் கலைஞரின் கை நீ சொல்வதைக் கேட்டு வரையும், எனக்குத் தெரிந்து வித்தியாசம் அவ்வளவுதான். அதனால் நான் கேட்கும் கேள்வி, சொல்வதற்கு உன்னிடம் ஏதாவது இருக்கிறதா?

வரைகிற முறையும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. தலையைக் கழுவிக் காயவைத்து, மேட் ஸ்ப்ரே ஒரு பூச்சு. ரெசின் வழுவழுப்பானது, அந்தப் பூச்சு இல்லாமல் எதுவும் ஒட்டாது. பாஸ்டல் குச்சியைச் சுரண்டிப் பொடியாக்கி மெல்லிய தூரிகையால் கன்னம், இமை, மூக்கோரம் என்று தடவுவார்கள். மறுபடி ஸ்ப்ரே. புருவ மயிர்களையும் கீழிமைக் கோடுகளையும் வாட்டர்கலர் பென்சிலாலோ தண்ணீர் கலந்த அக்ரிலிக்காலோ இழுப்பார்கள். மறுபடி ஸ்ப்ரே. ஒவ்வொரு பூச்சும் கீழே இருப்பதைக் காப்பாற்றும், மேலே தப்பு நடந்தால் அந்த அடுக்கை மட்டும் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம். கடைசியில் உதட்டுக்குப் பளபளப்பு வார்னிஷ், கண்ணுக்கு இமை மயிர். ஜப்பானில் இந்த மெல்லிய கோடுகளுக்கென்றே ‘மென்ஸோ’ என்று ஒரு தூரிகை இருக்கிறது, பெயரிலேயே முகம் என்ற சொல் இருக்கிறது. அதைக் கையில் பிடிக்கும்போதே எனக்கு மூச்சு மெதுவாகிவிடும்.

இன்னொரு விஷயம் உனக்குப் பிடிக்கும். இந்தப் பொம்மைகளுக்கு வெறும் முகம் என்ற தேர்வு எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறாயா? கியோட்டோவைச் சேர்ந்த வோக்ஸ் நிறுவனம் 1999-ல் சூப்பர் டால்ஃபி என்ற பந்து மூட்டு ரெசின் பொம்மையைக் கொண்டுவந்தது, இன்றைய ரெசின் பொம்மைகளெல்லாம் அந்த வழியில் வந்தவைதான். அதற்கு முன்பே அவர்கள் ரெசின் மாடல் கிட் செய்துகொண்டிருந்தவர்கள். கிட் வாங்குகிறவர் அதை வெள்ளையாக வாங்கி, தானே தேய்த்து, ஒட்டி, வண்ணம் தீட்டுவார். அந்தப் பழக்கம் பொம்மைக்கும் வந்துவிட்டது. அதனால் வெறும் முகம் கேட்பதில் தயங்க ஒன்றுமில்லை, பாதி செய்த பொருளை வாங்குகிறோமே என்று எழுதியிருந்தாயே, அப்படி நினைக்காதே.

இப்போது என் முதல் பொம்மையைப் பற்றி உனக்கு முழுதாகச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அவளைக் கம்பெனி முகத்தோடுதான் வாங்கினேன். பெட்டியைத் திறந்தபோது இடது புருவம் வலதைவிட ஒரு மயிரிழை மேலே இருந்தது. படத்தில் அப்படி இல்லை. முதல் வாரம் முழுக்க அது கண்ணை உறுத்தியது. அப்புறம் பழகிவிட்டது. நான்கு வருஷம் அவளுக்கு உடை தைத்தேன், ஜன்னலோரம் உட்காரவைத்துப் படம் எடுத்தேன், நீ பார்த்த படங்கள் எல்லாம் அந்த முகம்தான். பிறகு ஒரு கலைஞரின் வேலையைப் பார்த்தேன். உதட்டு வரிகள், இமை மடிப்பு, கண்ணின் ஈரம், அப்படி ஒரு நுட்பம். ஆறு மாதம் காத்திருந்து அவருடைய வரிசையில் இடம் கிடைத்ததும், நானே என் கையால் அந்தப் பழைய முகத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, தலையை அனுப்பி வைத்தேன்.

திரும்பி வந்த முகத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் கேட்டதையெல்லாம் அவர் செய்திருந்தார், கேட்டதைவிட நன்றாகவே செய்திருந்தார். ஆனால் அவள் இல்லை. அந்த உயர்ந்த புருவத்தால்தான் அவள் யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தாள் என்பது அது போன பிறகுதான் தெரிந்தது. நான் ஒரு வாரம் அவளை அலமாரியிலிருந்து எடுக்கவில்லை. நான் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொண்டதே அந்தப் புருவத்தைத் திரும்பக் கொண்டுவரத்தான். முதல் தடவை கோடு தடித்துப்போனது. இரண்டாம் தடவை மழை நாளில் ஸ்ப்ரே அடித்துவிட்டேன், காற்றில் ஈரம் அதிகமிருந்தால் பூச்சு வெள்ளையாகப் புகைபடிந்துவிடும், முழுவதையும் துடைக்க வேண்டியதாயிற்று. மூன்றாவது முகம்தான் இப்போது அவளிடம் இருப்பது. நெருங்கி வந்திருக்கிறது, அதே முகம் என்று சொல்ல முடியாது.

அதனால் சொல்கிறேன், உனக்கு ஏற்கெனவே பழகிவிட்ட முகத்தைத் துடைக்காதே. பழைய பிஸ்க் பீங்கான் பொம்மைகளில் வண்ணத்தைச் சூளையில் சுட்டுப் பதிப்பார்கள், நூறு வருஷம் கழித்தும் அந்தக் கன்னச் சிவப்பு அப்படியே இருக்கும். ரெசின் முகம் அப்படியல்ல, ஒரு பஞ்சும் கொஞ்சம் ஆல்கஹாலும் போதும், பத்து நிமிஷத்தில் போய்விடும். அதை வரைந்தவரே வந்தாலும் திரும்ப அதே மாதிரி வராது.

ஆனால் உன் நிலைமை வேறு. உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை மறுபடி எடுத்துப் பார். உன் பொம்மைப் பெண் யார் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாய். மூக்கின் மேல் மச்சப் பொட்டுகள், ஒரு புருவத்தில் சின்னத் தழும்பு, ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்ட உதடு. நீ அனுப்பிய கம்பெனிப் படத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. அதில் அரைத் தூக்கத்தில் இருக்கிற, சாந்தமான, இளஞ்சிவப்புக் கன்னத்தோடு ஒரு பெண் இருக்கிறாள். அழகுதான். உன்னுடையவள் அவள் இல்லை. உனக்குப் பிடித்திருப்பது அந்தச் செதுக்கல், அதன் மேலிருக்கும் வண்ணம் கிடையாது என்று நான் நினைக்கிறேன். சந்தேகமிருந்தால் ஒரு வேலை செய், அதே தலையின் வெறும் முகப் படம் தேடிப் பார், கம்பெனிகளே பெரும்பாலும் போடுவார்கள். கண்ணைச் சுற்றி வண்ணமே இல்லாத அந்த வெளிறிய முகத்தைப் பார்த்தும் உனக்கு அவள் தெரிந்தால், வெறும் முகமாகவே ஆர்டர் பண்ணு. அவள் காணாமல் போய்விட்டால், உன்னைப் பிடித்தது வண்ணம்தான், கம்பெனி முகத்தையே வாங்கிவிடு, நிம்மதியாக இருப்பாய்.

வெறும் முகம் என்று முடிவானால் கலைஞரைத் தேடுவதில்தான் நேரம் செலவிட வேண்டும். அவருடைய மிகச் சிறந்த ஒரு படத்தைப் பார்த்து மயங்காதே, வரிசையாக இருபது முகத்தைப் பார். நேர்ப் பார்வையில் இரண்டு கண்ணின் கோடும் சமமாக இருக்கிறதா, பக்கவாட்டில் புருவம் நெற்றியின் வளைவோடு போகிறதா என்று கவனி. எல்லா முகமும் ஒரே மனநிலையில் இருந்தால், உன் பெண்ணும் அந்த மனநிலையில்தான் திரும்பி வருவாள். நீ தேர்ந்தெடுத்திருக்கும் ரெசின் பழுப்பு நிறம் என்பதால் அந்த நிறத்தில் அவர் வேலை செய்திருக்கிறாரா என்று கட்டாயம் கேள், வெளிர் தோலில் பளிச்சென்று தெரியும் பாஸ்டல் அதில் காணாமலே போகும், கீறல் விழுந்தால் வெள்ளையாகத் தெரியும். எந்த ஸ்ப்ரே என்றும் கேட்டுக்கொள். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வகை இருக்கிறது, ஆனால் அது முகத்தில் மட்டும் இருக்கும், உடம்பில் இருக்காது, ரெசின் வெயிலில் மஞ்சளாகும் பொருள், அதனால் ஜன்னல் வெயிலில் வைத்தால் சில வருஷத்தில் கழுத்துக்கு மேல் ஒரு நிறம் கீழே ஒரு நிறம் ஆகிவிடும். நான் இப்போது ஜன்னலோரம் படம் எடுத்து முடித்ததும் உள்ளே வைத்துவிடுகிறேன்.

என்ன வேண்டும் என்று எழுதும்போது ‘அழகாக, இயல்பாக’ என்று எழுதாதே, அதை வைத்து யாராலும் வரைய முடியாது. எனக்கு எழுதிய அந்த ஒரு பக்கத்தை அப்படியே அனுப்பு. மாதிரிப் படம் இரண்டு மூன்று போதும், இருபது அனுப்பினால் குழப்பம்தான். என்ன நிறக் கண், என்ன முடி என்று சொல்லிவிடு, முகத்தின் நிறங்களை அதை வைத்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். மீதியை அவரிடம் விட்டுவிடு.

அனுப்பும்போது தலை மட்டும்தான், பின்மூடியையும் சேர்த்து. கண்களையும் அவற்றை ஒட்டவைத்த களிமண் மாதிரியான பசையையும் எடுத்துவிட வேண்டும். முகத்தின் மேல் நேராகக் குமிழ் பிளாஸ்டிக் சுற்றாதே, திரும்பி வரும்போது அந்தக் குமிழ்கள் பூச்சின் மேல் வட்டம் வட்டமாகத் தடம் விட்டுவிடும். மெத்தென்ற துணி முதலில், அதற்கு மேல் எதை வேண்டுமானாலும் சுற்று. கம்பெனிப் பெட்டியில் வரும் பிளாஸ்டிக் முகமூடியைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வை.

நானே வரைந்து பார்க்கட்டுமா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தாய். முதல் பொம்மையிலேயே வேண்டாம். ஒரு பழைய பிளாஸ்டிக் பொம்மையில் பழகிக்கொள். எதில் பழகினாலும் ஸ்ப்ரே அடிக்கும்போது ரசாயன ஆவியைத் தடுக்கும் வடிகட்டி உள்ள மாஸ்க் கட்டாயம், சாதாரணத் துணி மாஸ்க் போதாது, அடிப்பது திறந்தவெளியில்தான். உனக்கு ஆஸ்துமா இருக்கிறது என்பதால் இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். அசிட்டோன் பாட்டிலை ரெசின் பக்கம் கொண்டுவராதே, அது ரெசினையே அரித்துவிடும்.

இரண்டு மூன்று மாதம் கழித்து அவள் வந்ததும் அவசரப்பட்டு உடனே தலையை அனுப்பிவிடாதேடி. கண்ணை மட்டும் பொருத்தி கொஞ்ச நாள் மேஜையில் வை. வெறும் முகத்தில் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று காலையிலும் சாயங்காலமும் பார். மச்சப் பொட்டு எந்த இடத்தில் வரவேண்டும் என்பது அப்போது உனக்கே தெரியும், படம் எடுத்து எனக்கும் அனுப்பு, பகல் வெளிச்சத்தில்.

தலையை வைத்து அனுப்ப ஒரு சின்னப் பை தைத்திருக்கிறேன், உள்ளே இரட்டை ஃபிளானல், 22 சென்டிமீட்டர் சுற்றளவுக்குச் சரியாக இருக்கும். கை வலிக்கு முன்பே முடித்துவிட்டேன். நாளை பார்சலில் போடுகிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் தோழி