ரோஜாவைத் தாக்கும் செஞ்சிலந்தியைக் கட்டுப்படுத்த இரைவிழுங்கிச் சிலந்திப்பேன் வளர்த்து வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பாலிஹவுஸ் (பசுமைக்குடில்) ரோஜா விவசாயிகள்,
பாகலூர், ஓசூர் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கிருஷ்ணகிரி.

பொருள்: தளியிலுள்ள அரசு கொய்மலர் மகத்துவ மையத்தில் இரைவிழுங்கிச் சிலந்திப்பேன் வளர்ப்புக்கூடம் அமைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். செஞ்சிலந்தி என்று நாங்கள் சொல்லும் இருபுள்ளிச் சிலந்திப்பேனால் ஒவ்வொரு கோடையிலும் நாங்கள் படும் பாட்டைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். இலையின் அடிப்புறத்தில் சாறு உறிஞ்சும் இப்பேன், வெயில் ஏறினால் பத்து நாட்களுக்குள் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைந்துவிடுகிறது. முதலில் இலையில் ஊசி குத்தியதுபோல வெளிர்புள்ளிகள் தெரியும். மொட்டைச் சுற்றி வலை படர்ந்துவிட்டால் அந்தப் பூவை எந்த வியாபாரியும் எடுப்பதில்லை. மருந்தை மாற்றி மாற்றி அடித்தும், ஒவ்வொன்றுக்கும் பேன் விரைவில் பழகிவிடுவதால், செலவு ஏறுகிறதே தவிரப் பேன் குறைந்தபாடில்லை. விடியற்காலையில் பூ வெட்ட வரும் பெண்கள், முந்தைய நாள் அடித்த மருந்தின் நெடியிலேயே நின்று வேலை செய்வதைப் பார்க்க எங்களுக்கு மனம் பொறுக்கவில்லை.

நம் நாட்டில் இயற்கையாகவே காணப்படும் நியோசியுலஸ் லாங்கிஸ்பைனோசஸ் என்னும் இரைவிழுங்கிச் சிலந்திப்பேன், செடிக்குக் கேடு செய்யாமல், செஞ்சிலந்தியின் முட்டையையும் குஞ்சையும் தேடித் தின்னக்கூடியது. லென்ஸ் வைத்துப் பார்த்தால், பளபளப்பான உடலோடு வலைக்குள் புகுந்து விறுவிறுவென்று ஓடுவதைக் காணலாம். கென்யாவின் ரோஜாப் பண்ணைகளில் இதே குடும்பத்தைச் சேர்ந்த பைட்டோசியுலஸ் பெர்சிமிலிஸ் பயன்பாட்டில் உள்ளது.

இதை நாங்களே வளர்த்துக்கொள்ளலாமே என்ற கேள்வி எழலாம். பீன்ஸ் செடிகளில் முதலில் செஞ்சிலந்தியைப் பெருக்கி, அதற்குப் பிறகுதான் இரைவிழுங்கியை விட வேண்டும் என்பதால், ரோஜாக் குடிலுக்குப் பக்கத்தில் இதைச் செய்வது நாங்களே பூச்சியை வரவழைப்பதாக முடியும். தொலைவிலிருந்து வாங்கினாலோ, இரையின்றி வெப்பத்தில் பயணப்படும் இந்தச் சிற்றுயிர்கள் வழியிலேயே மடிந்துபோகின்றன. எனவேதான் குடில்களிலிருந்து விலகியும், அதே சமயம் எட்டும் தொலைவிலும் உள்ள அரசு இடம் ஒன்று தேவைப்படுகிறது.

மரவள்ளியைத் தாக்கும் மாவுப்பூச்சியைக் கட்டுப்படுத்த, பெங்களூருவிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் வெளிநாட்டிலிருந்து தருவித்த ஒட்டுண்ணிக் குளவி, 2022ஆம் ஆண்டு சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வெளியிடப்பட்டதைத் தாங்கள் அறிவீர்கள். அதே நிறுவனத்தின் வழிகாட்டுதலைப் பெற்று, தளி மையத்தில் வளர்ப்புக்கூடம் அமைத்து, செஞ்சிலந்தி பெருகுவதற்கு முன்பாக ஜனவரி மாதத்திலேயே இரைவிழுங்கியை மானிய விலையில் வழங்கவும், இரைவிழுங்கியைக் கொல்லாத மருந்துகள் எவை என்ற பட்டியலைத் தமிழில் அச்சிட்டுத் தரவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பாகலூர் பகுதி ரோஜா விவசாயிகள்