கலங்கல் என்றால் பழுது அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரான்சில் லுவார் ஆற்றுப் பக்கம் ஒரு சின்னத் திராட்சைத் தோட்டத்தில் ஆறு வருடம் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். போன கிழமை ஒரு விருந்தில், நான் கொண்டுவந்த இயற்கை வைனைக் கலங்கலாய் இருக்கிறதென்று கிணற்றடியில் ஊற்றிவிட்டார்கள். மனம் நொந்துபோனேன்.

அது வடிகட்டாத வைன். அடியில் படிவது ஈஸ்ட் மண்டி. வெளி ஈஸ்ட் போடாமல், முட்டியில் கள்ளு தானாகப் பொங்குவதுபோலவே நொதிக்கவிடுவார்கள். வைன் கெடாமல் இருக்கச் சேர்க்கும் கந்தக மருந்தும் மிகக் கொஞ்சம். சிலர் சேர்ப்பதே இல்லை. அதனால் வெயில் பட்டால் உண்மையாகவே பழுதாகும். மட்டக்களப்பு வெக்கைக்குச் சிவப்பு வைனையும் அரை மணித்தியாலம் பிரிட்ஜில் வையுங்கள். திறந்ததும் சிலவற்றில் தீக்குச்சி உரசிய மணம் வரும். சரி, கிளாஸில் ஊற்றிக் கொஞ்சம் காற்றாட விடுங்கள், பெரும்பாலும் போய்விடும். அப்புறம் வாவி இறால் பொரியலோடு, அவசரப்படாமல்.

ஆரையம்பதி வாசகர்