கும்பகோணம் கலை இலக்கியப் பரிசுகள்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அன்பர்களே, வணக்கம்.

நம் ஊர் எழுத்தாளர், இசைவாணர், கலைஞர் ஆகியோருக்கு ஆண்டுதோறும் நம் மன்றம் வழங்கும் பரிசுகள் பற்றிய அறிக்கை இது. பரிசு பெற்றவர்களின் பட்டியலும், தணிக்கை முடிந்த வரவு செலவுக் கணக்கும் தனித்தாள்களில் உங்கள் கையில் இருக்கின்றன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். தேர்வு எப்படி நடந்தது, எங்கே இடறியது, எதை மாற்றினோம் என்பதை நான் சொல்கிறேன்.

இவ்வாண்டின் பெரிய மாற்றம் ஒன்று. இசைக்கும் கலைக்கும் விண்ணப்பம் கேட்பதை நிறுத்திவிட்டோம். எழுத்தாளருக்கு மட்டுமே இனி விண்ணப்பம். படிவம் நிரப்புவது எழுதிப் பழகியவர்களின் வேலை. கோயிலில் முறைவைத்து வாசிக்கும் முறைக்காரரோ, சுவாமிமலைப் பட்டறையில் உளி பிடிப்பவரோ "என் சாதனைகள்" என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பமாட்டார். வீட்டில் எழுதித் தர ஆள் உள்ளவர்களின் படிவம்தான் வந்துகொண்டிருந்தது. வந்த தாள்களுக்குள்ளேயே தேர்ந்தெடுத்துவிட்டு ஊரில் சிறந்தவர் இவர் என்று சொல்வது நியாயமில்லை. ஆகவே உறுப்பினர்கள் பெயர் முன்மொழிய, நடுவர்கள் நேரில் போய்க் கேட்கவும் பார்க்கவும் ஏற்பாடு செய்தோம்.

இசைப் பிரிவு

முன்பு செல்போனில் பதிவு செய்து அனுப்பச் சொல்லியிருந்தோம். நாதஸ்வரத்துக்கு அது ஒத்துவராது. தவிலில் ஒரு பலத்த சொல் விழுந்ததும் போன் தானாகவே ஒலி வாங்கும் அளவைக் குறைத்துக்கொள்கிறது. அந்த நொடியில் நாதஸ்வரத்தின் கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, அமுங்கிப்போகும். நடுவருக்கு அது வாசிப்பவரின் பிசகாகத் தெரியும். பதிவு கட்டாயம் தேவைப்படும் இடங்களில் ஒலியளவைக் கையால் நிறுத்தி வைக்கும் ரெக்கார்டரைப் பயன்படுத்தி, 15 முதல் 20 அடி தள்ளி, தவிலின் வலந்தலைக்கு, அதாவது வலப்பக்க முகத்துக்கு, நேர் எதிரே வராதபடி வைக்கிறோம். ரெக்கார்டரின் அளவுகாட்டியில் உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் முதலிலேயே ஒரு தவில் தட்டில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

நேரில் கேட்பதை இரண்டு இடமாகப் பிரித்தோம். ஒன்று சுவாமி புறப்பாடு. கம்பீரநாட்டை ராகத்தில் புறப்பாட்டுக்கென வாசிக்கும் மல்லாரியை நடந்துகொண்டே, காலம் மாற்றி, லயம் சிதறாமல் வாசிப்பது ஒரு தனித் திறன். மற்றது உட்கார்ந்து வாசிக்கும் கச்சேரி. அங்கே குறைந்தது 20 நிமிடம் ஒரே ராகத்தின் ஆலாபனையைக் கேட்க வேண்டும் என்று விதி வைத்தோம். முதல் பத்து நிமிடத்துக்கு மதிப்பெண் கிடையாது. வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டான சீவாளி பதப்பட்டு வாய்க்கு இசையும் வரை யாருக்கும் சுருதி ஒரு மயிரிழை ஏறி இறங்கத்தான் செய்யும். காய்ந்த சீவாளி கீச்சிடும், ஊறிவிட்ட சீவாளி தொய்யும். இதை அறியாத நடுவர் கைச்சுத்தம் இல்லை என்று எழுதிவிடுகிறார்.

தவில்காரருக்கும் சமமான தொகை என்று முடிவானது. தனித்தவிலை மட்டும் கேட்டு மதிப்பிடுவதை மாற்றி, ஆலாபனை முடிந்து பாட்டு எடுக்கும் இடத்தில் அவர் எப்படிச் சேர்ந்துகொள்கிறார் என்பதற்குப் பாதி மதிப்பெண் வைத்தோம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இக்கலையில் குருவும் சீடரும் உறவினருமாக எல்லோரும் ஒருவருக்கொருவர் தொடர்புடையவர்கள். உள்ளூர் வித்வானை நடுவராக வைத்தால் அவருக்கும் சங்கடம், கேட்பவர்களுக்கும் சந்தேகம். மூவரில் இருவர் வெளிமாவட்டத்தவராக இருக்க வேண்டும் என்பதை நிரந்தர விதியாக்கப் பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

கலைப் பிரிவு

இந்தப் பிரிவில்தான் அதிகம் விவாதித்தோம். சுவாமிமலை ஐம்பொன் படிமம் ஒருவர் கையால் மட்டும் முடிவதில்லை. தென்னை ஓலை நறுக்கைத் தாள அளவுக்கு, அதாவது சிற்பநூல் சொல்லும் அங்க விகிதத்துக்கு, மடித்து அங்கங்களைக் குறித்துக்கொண்டு, தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிய கலவையில் ஒருவர் உருப்பிடிக்கிறார். அதன்மேல் காவிரி வண்டலை நைசாகக் கரைத்து முதல் பூச்சுப் பூசி, நிழலில் காயவைத்து, அடுத்தடுத்துத் தடித்த மண் பூசி, பெரிய உருவானால் இரும்புக் கம்பி கட்டுவது இன்னொருவர். சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு உலோகம் ஊற்றுவது வேறு ஆட்கள். மண்ணை உடைத்தபின் அரத்தாலும் உளியாலும் நகையும் விரலும் கண்ணும் எடுப்பவர் மற்றொருவர். நாமோ பட்டறை உரிமையாளர் பெயரிலேயே பரிசு கொடுத்து வந்திருக்கிறோம்.

நடுவர்கள் இவ்வாண்டு மெழுகு உருவை ஒருமுறையும், செதுக்கல் முடிந்ததை ஒருமுறையும் பார்த்தார்கள். இந்த இரண்டு பார்வையும் தேவை. மெழுகிலேயே இடுப்பின் வளைவு தவறியிருந்தால் பிறகு எந்த உளியாலும் திருத்த முடியாது. முடிந்த சிலையை மட்டும் பார்த்தால் பளபளப்பில் அது மறைந்துவிடும். வெளியில் பச்சை வார்ப்பை, அதாவது இன்னும் செதுக்காத வார்ப்பை, வாங்கிச் செதுக்கல் மட்டும் செய்து முடிப்பதும் உண்டு. அது குற்றமில்லை, செதுக்கலும் பெரிய கலைதான். ஆனால் முழுப் படிமத்துக்கான பரிசை அதற்குத் தரக்கூடாது. இனி பாராட்டுப் பத்திரத்தில் உருப்பிடித்தவர், வார்த்தவர், செதுக்கியவர் என மூன்று பெயர்களும் இருக்கும், தொகையும் பிரித்து வழங்கப்படும்.

வார்ப்பில் வரும் குறைகளைப் பற்றியும் நடுவர்களுக்கு ஒரு பக்கக் குறிப்புக் கொடுத்தோம். கரு எனப்படும் மண் அச்சு முழுதும் காயாமல் ஊற்றினால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி மண்ணைப் பிளக்கும், சில சமயம் உலோகமே வெளியே தெறிக்கும். காற்று வெளியேற வழி சரியில்லாவிட்டால் விரல் நுனி, சிலையைச் சுற்றி நிற்கும் திருவாசி வளைவின் சுடர் போன்ற மெல்லிய இடங்கள் நிரம்பாமல் நிற்கும். ஊற்றும்போது இடையில் நின்றுபோனால் முன் விழுந்ததும் பின் விழுந்ததும் ஒட்டாமல் கோடு விழும். எடுத்த மெழுகின் எடையைப் போல் எட்டு முதல் பத்து மடங்கு உலோகம் உருக்கி வைப்பார்கள். குறைத்து உருக்கினால் நேர்வதுதான் அந்தக் கோடு. ஒட்டுப்போட்டு மறைத்த இடத்தைச் சிலையின் பின்புறத்திலும் பீடத்தின் அடியிலும் பார்த்தாலே கண்டுபிடிக்கலாம்.

கண்காட்சிக்குப் படிமங்களை எடுத்துவரும்போது பட்டறை ரசீதும் புகைப்படத்துடன் கூடிய நம் மன்றக் கடிதமும் வண்டியிலேயே இருக்க வேண்டும். புதிய வார்ப்பையும் பழம்பொருளையும் சாலைச் சோதனையில் பிரித்தறிய முடியாது.

நாதஸ்வரம் செய்பவர் எந்தப் பிரிவு என்ற கேள்வி வந்தது. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுத்த மத்திமம் என்ற ஸ்வரம் சரியாகப் பேசும் நீண்ட பாரி நாதஸ்வரத்தை உருவாக்கியவர் அவ்வூர் ரங்கநாதன் ஆசாரி, அதைத் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசித்து நிலைநாட்டினார். வாசித்தவரை ஊர் அறியும், கடைந்தவரை எத்தனை பேர் அறிவார்கள்? பழைய ஆச்சா மரத்தைத் தேடிப்பிடித்து, கடைசலில் ஏற்றி, துளையின் இடம் ஒரு நெல்லளவு பிசகாமல் போடுபவர் கலைஞர்தான். வாத்தியம் செய்பவர், சீவாளி கட்டுபவர், தவில் மூட்டுபவர் மூவரையும் கலைப் பிரிவில் சேர்த்துச் செயற்குழு தீர்மானம் போட்டிருக்கிறது.

தஞ்சாவூர் ஓவியம், கவின் கலைக் கல்லூரி மாணவர் படைப்புகள் இரண்டிலும் நடைமுறையில் மாற்றமில்லை. ஓவியத்தில் ஒட்டியது தங்கத் தாளா, மாற்றுத் தாளா என்பதைப் பின்புறச் சீட்டில் எழுதித் தர வேண்டும் என்பது மட்டும் புதிது.

எழுத்தாளர் பிரிவு

"நம்மூர்க்காரர்" யார் என்பதில் ஆண்டுதோறும் சர்ச்சை. பிறப்பு ஒன்றையே அளவுகோலாக வைத்தால், தேவங்குடியில் பிறந்து நம் கல்லூரியில் படித்த தி. ஜானகிராமன் வெளியூர்க்காரர் ஆகிவிடுவார். வசிப்பிடம் மட்டும் என்றால், டெல்லி வானொலியில் இருந்த காலத்தில் அவர் விடுபட்டுப் போவார். காவிரியும் கும்பகோணத்துத் தெருக்களும் அவரைவிட யார் எழுத்தில் வாழ்ந்தன? ஆகவே கும்பகோணம், திருவிடைமருதூர், பாபநாசம் வட்டங்களில் பிறந்தவர், அல்லது பள்ளி, கல்லூரிப் படிப்பு இங்கே முடித்தவர், அல்லது தொடர்ந்து பத்தாண்டு வசித்தவர், இவற்றில் ஒன்று போதும் என்று விதியைத் திருத்தினோம்.

எம். வி. வெங்கட்ராம் இவ்வூரிலேயே வாழ்ந்து எழுதியவர். சாகித்திய அகாதெமி விருது அவருக்கு வந்தது 1993இல், எழுபது வயதைக் கடந்தபின். கு. ப. ராஜகோபாலன் 1944இல் 42 வயதில் மறைந்தார். மூப்பு வரிசைப்படி கொடுப்போம் என்ற கருத்து ஒவ்வொரு கூட்டத்திலும் எழுகிறது. இந்த இரண்டு வாழ்க்கையையும் நினைவில் வைத்து அதை ஏற்க வேண்டாம் என்று செயற்குழு உறுதியாகக் கேட்டுக்கொள்கிறது.

நூல்களில் வரும் சிக்கல் பதிப்பு நாள். சென்னைப் புத்தகக் காட்சிக்காக அச்சாகும் நூல்களில் சிலவற்றில் டிசம்பர் என்றும், சிலவற்றில் அடுத்த ஜனவரி என்றும் இருக்கும், கடைக்கு வருவது ஒரே வாரத்தில். நம் ஆண்டுக் கணக்கு டிசம்பர் 31இல் முடிந்ததால் ஒரே வாரத்து நூல்கள் இரண்டு ஆண்டுக்குப் பிரிந்துபோயின. கணக்கை ஜூன் 30க்கு மாற்றினோம். ஐந்து பிரதிகள் வேண்டும்: நடுவர்களுக்கு மூன்று, அலுவலகத்துக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று. பழைய தொகுப்பைப் புதுத்தலைப்பில் அனுப்புவதும் நடக்கிறது. கதைகள் முதலில் வெளியான இதழ், ஆண்டு ஆகியவற்றைப் பட்டியலாகக் கேட்பதே அதற்கு மருந்து. தொகுப்பில் பாதிக்கு மேல் முன்பே நூலாக வந்திருந்தால் ஏற்பதில்லை.

மதிப்பெண்

மூன்று நடுவர்களின் மதிப்பெண்ணைக் கூட்டி அதிகம் பெற்றவருக்குக் கொடுப்பது சரியான முறைபோலத் தோன்றும், ஆனால் தவறாக முடியும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் நூலுக்கு 90, 70, 71. இரண்டாம் நூலுக்கு 60, 74, 75. கூட்டினால் 231க்கு 209, முதல் நூல் வெல்கிறது. மூவரில் இருவர் இரண்டாம் நூலே சிறந்தது என்று சொல்லியிருந்தும் அது தோற்கிறது. தாராளமாக ஏற்றி இறக்கிப் போடும் ஒருவர், நிதானமாகப் போடும் இருவரின் தீர்ப்பை அழித்துவிடுகிறார். எனவே மதிப்பெண்ணை வரிசை எண்ணாக மாற்றி, வரிசை எண்களைக் கூட்டுகிறோம். சமமானால் மூவரும் கூடிப் பேசித் தீர்ப்பார்கள், செயற்குழு தலையிடாது. நடுவரின் ஒருபக்க மதிப்புரை, பரிசு கிடைக்காதவருக்கும் கேட்டால் தரப்படும்.

விழாவும் தொகையும்

ஆவணியிலும் தையிலும் முகூர்த்தம் நிறைய, நாதஸ்வரக்காரர் கிடைப்பதில்லை. மார்கழி முழுதும் விடியலில் கோயில், மாலையில் சென்னைக் கச்சேரி. ஆடியில் அம்மன் கோயில் விழாக்கள். ஐப்பசியில் மழை பந்தலைத் தூக்கிப்போகும். புரட்டாசியில் நவராத்திரி தொடங்குமுன் வரும் ஞாயிறுதான் எல்லாருக்கும் தோதானது. 2028இல் மாசி மகாமகம் வருகிறது. அவ்வாண்டு விடுதி, மண்டபம், வண்டி எதுவும் சுலபத்தில் அமையாது. வெளியூர் நடுவர்களை மாசிக்கு முன்பே அழைத்து முடித்துவிட இப்போதே குறித்து வைத்திருக்கிறோம்.

காசோலையைப் புனைபெயரில் எழுதினால் வங்கி ஏற்காது. இது ஒருமுறைக்கு மேல் நடந்து, பரிசு பெற்றவர்கள் அலைய நேர்ந்ததற்கு மன்றம் வருந்துகிறது. இனி வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகலை முன்கூட்டியே வாங்கி, தொகையைக் கணக்கில் செலுத்திவிட்டு, மேடையில் பத்திரத்தை மட்டும் கொடுப்போம். பத்திரத்தின் மெய்ப்பை அவரவரே படித்துக் கையெழுத்திட வேண்டும், முன்னெழுத்துப் பிழை அங்கேதான் பிடிபடும்.

நன்கொடையாளர்கள் கவனத்துக்கு: ரூ. 2,000க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவுப்படி நன்கொடைக்கான வரிச்சலுகை கிடைக்காது. வங்கி வழியாகச் செலுத்தி, பான் எண்ணும் தாருங்கள். நன்கொடை விவரம் தரும் படிவம் 10பிடியை மே 31க்குள் நாம் தாக்கல் செய்தால்தான் உங்களுக்குச் சான்றிதழ் வரும். ஏப்ரல் முதல் வாரத்துக்குள் விவரம் வந்து சேரட்டும்.

வெளிமாவட்ட நடுவர் விதியும், வாத்தியம் செய்பவரைச் சேர்க்கும் தீர்மானமும், வட்ட எல்லைத் திருத்தமும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்காக முன்வைக்கப்படுகின்றன. வெயிலிலும் புறப்பாட்டுடன் நடந்து கேட்ட நடுவர்களுக்கும், வேலை நேரத்தில் பட்டறையைத் திறந்துவிட்ட ஸ்தபதிகளுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும் மன்றத்தின் நன்றி.

செயலாளர்
கும்பகோணம்