30-க்கு 14 ஜன்னல்

அன்புள்ள தேன்மொழிக்கு,

அம்மா எழுதறேன். ஜன்னல் அளவு வந்துச்சு. அகலம் 30 இன்ச், உயரம் 14. போன வருஷம் ஹால் திரைக்கு 72 இன்ச் சொன்னே. இது எந்த ஜன்னல்னு நான் கேக்கல. திரை எப்படி தைக்கிறதுன்னு கேட்டே, அதைச் சொல்றேன்.

சும்மா தொங்கற திரை வின்னிபெக் குளிருக்கு ஆகாது. ரூம் காத்து மேல் இடுக்கு வழியா உள்ளே போய், கண்ணாடியில பட்டுக் குளிர்ந்து, கீழ் இடுக்கு வழியா இறங்கிட்டே இருக்கும். திரை எவ்வளவு தடியா இருந்தாலும் அந்த ஓட்டம் நிக்காது. நாலு பக்கமும் ஒட்டிக்கிற மாதிரி பஞ்சு வெச்சுத் தைக்கணும்.

பக்கத்துக்கு 3 இன்ச் கூட விட்டா 36-க்கு 20 வரும். லைனிங் காட்டனையும் பாலியஸ்டர் பஞ்சு ஷீட்டையும் 40-க்கு 24-ஆ வெட்டு. தையல் ஓட ஓட உள்ளே இழுக்கும், அதனால முதல்லயே சரி அளவுக்கு வெட்டாதே. ரெண்டையும் சேர்த்துக் கச்சா தையல் போட்டுட்டு, நடுவுல ஆரம்பிச்சு ஓரத்துக்குப் போ. 4 இன்ச்சுக்கு ஒரு கோடு, தையல் நீளம் 3 மி.மீ., 14 நம்பர் ஊசி. ஓரத்துல ஆரம்பிச்சா நடுவுல துணி சேர்ந்து மூட்டை கட்டிக்கும். பிரஷர் ஃபுட் அழுத்தத்தைக் கொஞ்சம் குறை. எல்லாம் முடிஞ்ச பிறகு 36-க்கு 20-ஆ நறுக்கு.

ரூம் பக்கத்துக்கு அந்தச் சுங்குடியையே போடு. யாரோடதுன்னு உனக்குத் தெரியும், பெட்டியிலேயே இருந்து யாருக்கு என்ன லாபம்? ஜரிகை வேணாம். முதல்ல பச்சத் தண்ணியில தனியா அலசி, ஈரத்தோட வெள்ளைத் துணி வெச்சு அழுத்திப் பாரு. சாயம் ஒட்டிச்சுன்னா மறுபடி அலசு. உப்பு போட்டா சாயம் நிக்கும்னு கடைக்காரங்க சொல்றதை நம்பாதே.

சுங்குடிக்கும் பஞ்சுக்கும் நடுவுல ஒரு தடி பாலிதீன் ஷீட் வரணும். ரூம்ல இருக்கிற ஈரக்காத்து பஞ்சைத் தாண்டிப் போனா கண்ணாடியில தண்ணியா நின்னு உறைஞ்சிடும். பாலிதீன்ல ஊசி ஓட்டை விழுந்தா அதைப் போட்டும் பிரயோஜனம் இல்ல. அதுக்குத்தான் பஞ்சை லைனிங்கோட மட்டும் தனியா தைக்கச் சொன்னேன். மேலே பாலிதீன், அதுக்கு மேலே சுங்குடி, ரெண்டையும் ஓரத்துல மட்டும் பிடி. குண்டூசி குத்தாதே, துணி கிளிப் போடு. சுத்தளவு 112 இன்ச், ஓரம் மூட கிராஸ் பட்டி, அதான் கோணலா வெட்டற துணிப் பட்டி, இரண்டரை இன்ச் அகலத்துல 125 இன்ச் வெட்டிக்கோ. ஓரத்துக்கு 16 நம்பர் ஊசி மாத்து.

நாலு பக்கமும் சுவர்ல ஒட்டிப் பிரிக்க வெல்க்ரோ பட்டை போடு. அதுல மெத்துன்னு இருக்கிற பக்கம் துணிக்கு, சொரசொரப்பு சுவருக்கு. துணிக்குத் தைக்கிற ரகம் வாங்கு. பசை ரகத்தை மிஷின்ல ஓட்டினா ஊசியில பசை ஏறி நூல் அறுந்துட்டே இருக்கும். சுவருக்குப் பசை ரகம் சரி, ஆனா குளிர்ந்த சுவர்ல பிடிக்காது. ஸ்பிரிட்ல துடைச்சு, ஹேர் டிரையர்ல சூடு காட்டிட்டு ஒட்டு. பிரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரும். சொந்த வீட்டுல அது கவலை இல்ல. வாடகைன்னா முதல்லயே கேட்டுக்கோ. ஜன்னல் உயரத்துல இருந்தா ஸ்டூல் போட்டு நீ ஏறாதே, மாப்பிள்ளையை ஒட்டச் சொல்லு. அவருக்கு நேரம் இல்லேன்னா பக்கத்துல யாரையாவது பிடிச்சுக்கச் சொல்லு.

ஆணி அடிக்காதே. ஒரே இழுப்புல கழண்டு வரணும், கீழ்ப்பக்கம் ஒரு காது வெச்சுத் தை. தம்பியை நெட்ல பார்க்கச் சொன்னேன். கனடாவுல படுக்கிற ரூம் ஜன்னல், தீப்பிடிச்சா ஆள் வெளியே போற மாதிரி திறக்கணுமாம், எந்தப் பக்கமும் 380 மி.மீ.க்குக் குறையக் கூடாதாம். அது 15 இன்ச். உன்னோடது 14. தீப்பிடிச்சா தானா தண்ணி தெளிக்கிற ஸ்பிரிங்க்ளர் இருந்தாலோ, ரூம்லேர்ந்து நேரா வெளியே கதவு இருந்தாலோ பரவாயில்லையாம். ஸ்டோர் ரூம்னாலும் கவலை இல்ல. எந்த ரூம்னு நீதான் சொல்லணும்.

காலையில கழட்டிடு, கண்ணாடியைத் துடை. விட்டா சட்டத்துல பூஞ்சை பிடிக்கும்.

மிஷினை வண்டியில ஏத்தி இறக்கியிருந்தா உடனே ஓட்டாதே. மைனஸ் 20-ல எண்ணெய் கெட்டியாகிடும். சூடான ரூம்ல உடனே திறந்தா இரும்புல தண்ணி கோர்த்துத் துரு பிடிக்கும். மூடினபடியே அரை நாள் விடு. ஏத்தி இறக்கலேன்னா இது உனக்கு வேண்டாத பேச்சு. போட்டோவுல மிஷின் தரையில இருந்துச்சு, அதான்.

போட்டோவுல உன் தையலையும் பார்த்தேன். எம்.சி. ரோட்டுல இருபது வருஷம் மிஷின் மிதிச்சவங்க போட்ட கோடு மாதிரி நேரா இருக்கு. இவ்வளவு நேரா தைக்கத் தெரியுது, ஞாயித்துக்கிழமை ஒரு போன் போடத் தெரியல. தம்பி வேலை விஷயம், மூலை வீட்டுக் கல்யாணம் எல்லாம் இருக்கு, அப்புறம் எழுதறேன். காது வைக்க மறக்காதே, ஒரே இழுப்புல வரணும்.

கோடவுன் தெருவுல லைனிங் காட்டன் 3 மீட்டர் எடுத்து வெச்சிருக்கேன். பார்சல் போடணும். முகவரியை ஃப்ளாட் நம்பர் முதல் முழுசா எழுதி அனுப்பு. பழைய முகவரிதான்னாலும் பழசுன்னு எழுது.

அம்மா
பழைய வண்ணாரப்பேட்டை