செயலாளர் ஆண்டறிக்கை: மழலையர் ஆசிரியர் பயிற்சி

தலைவர் அவர்களுக்கும், பால்வாடிகளிலிருந்தும் நர்சரிப் பள்ளிகளிலிருந்தும் வந்திருக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

"பாட்டு, கதை, கைவேலை எல்லாம் போதும். பேச்சு வராத, ஓர் இடத்தில் உட்காராத குழந்தையை வைத்துக்கொண்டு வகுப்பை எப்படி நடத்துவது என்று சொல்லிக்கொடுங்கள்" என்று போன பொதுக்குழுவில் பலர் கேட்டீர்கள். அதனால் இந்த ஆண்டு சனிக்கிழமைக் கூட்டங்களை அதற்கே ஒதுக்கினோம். செயற்குழு வழக்கம்போல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

முதல் இரண்டு கூட்டங்கள் சரியாக அமையவில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைக் குறைபாடுகளையும் போர்டில் எழுதி விளக்கினோம். நோட்டு நிறைந்தது, திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைந்தபோது என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவது கூட்டத்தில் நாற்காலிகளை ஓரங்கட்டிவிட்டுப் பாயில் உட்கார்ந்தோம். வந்திருந்த சிறப்பாசிரியை ஆளுக்கொரு சாக்பீஸ் கொடுத்து, நக அளவுக்கு உடைக்கச் சொன்னார். முழு சாக்பீஸை முஷ்டிக்குள் பிடிக்கிற குழந்தை, சின்னத் துண்டை விரல் நுனியால்தான் பிடித்தாக வேண்டும். எழுதுகிற பிடி அப்படித்தான் பழகும். அப்புறம், கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணச் சொன்னார். நம்மில் பலரால் நாலைத் தாண்ட முடியவில்லை. இத்தனை நாளாக எத்தனை குழந்தைகளின் பதிலை நாமே மறித்திருக்கிறோம் என்று அன்று எனக்கு மனசு கனத்துவிட்டது.

நம் உறுப்பினர் ஒருவரின் மையத்தில் ஆட்டிசம் உள்ள நான்கு வயதுப் பையன். சாப்பாட்டு மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுவான். அந்த அக்கா மணியை நிறுத்திவிட்டு, பாய், பலகை, பந்து, தட்டு, செருப்பு என்று ஐந்து படங்களை வரிசையாகச் சுவரில் ஒட்டினார். ஒரு வேலை முடிந்ததும் அந்தப் படத்தை அவனே எடுத்து டப்பாவில் போட வேண்டும். சில வாரம் கழித்து ஒருநாள், தட்டுப் படத்தை எடுத்துப்போய் ஆயா கையில் கொடுத்தான். பேச்சு இன்னும் வரவில்லை. ஆனால் பசிக்கிறது என்று சொல்லிவிட்டான். இப்போது மற்ற பிள்ளைகளும் படத்தைப் பார்த்துவிட்டுத் தாங்களே கை கழுவப் போகிறார்கள்.

இப்படி ஒரு குழந்தைக்காகச் செய்தது எல்லோருக்கும் உதவுவது புதிதல்ல. இத்தாலிய மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரி ரோமில் முதலில் அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளோடுதான் வேலை செய்தார். 1907-ல்தான் மற்ற குழந்தைகளுக்கான இல்லத்தைத் தொடங்கினார். 1939-ல் அவரே அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தைக் குழந்தைகள் விரலால் தடவிப் பழகுவது அவர் வழி வந்ததுதான்.

ஒரு வருத்தம். சேர்க்கை நேரத்தில் குறைபாடுள்ள மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றை, "பார்த்துக்கொள்ள ஆள் இல்லை" என்று ஒரு பள்ளியில் திருப்பி அனுப்பினார்கள். அந்த அம்மாவோடு நானும் போயிருந்தேன். இலவசக் கல்வி உரிமையைச் சட்டம் 6 வயதிலிருந்துதான் பேசுகிறது. அதற்கு முந்தைய வருடங்கள்தான் இந்தக் குழந்தைகளுக்கு மிக முக்கியம். மற்ற இடங்களில் கதவு சாத்தினாலும் நம் உறுப்பினர்கள் யாரும் சாத்தக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த ஆண்டு பெற்றோரையும் பாயில் உட்காரவைக்கச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. முதல் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் வகுப்பில் உட்காராத ஒரு குழந்தையை ஒரு வாரம் கவனித்து, அது எதில் நிலைத்து நிற்கிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். பெயர் வேண்டாம்.

செயலாளர்