முதல் மான்வேட்டை ரைஃபிள் வாங்கப்போகும் பெண்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வேட்டைக் காலம் நெருங்கும்போது, முதல் ரைஃபிள் வாங்கப் பெண்கள் பலர் வருகிறார்கள். கூட வருபவர் காலிபரை, அதாவது தோட்டாவின் அளவைப் பற்றிப் பேச்செடுப்பார். நாங்கள் எடுப்பது அளவு நாடாவை.

விசையிலிருந்து, தோளில் பதியும் பின்கட்டையின் முனைவரை உள்ள நீளம்தான் முதல் கணக்கு. வழக்கமான ரைஃபிள்களில் இது 13½ அங்குலத்தை ஒட்டியிருக்கும். நடுத்தர உயரமுள்ள ஆணுக்கு அமைத்த அளவு அது. போல்ட்டை (தோட்டா அறையை மூடும் தாழை) திறந்து, தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, கட்டையின் முனையை முழங்கை மடிப்பில் பொருத்துங்கள். ஆள்காட்டி விரலின் நுனிச்சதை விசையில் இயல்பாக அமர வேண்டும். எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் கட்டை நீளம். நீளமான கட்டையைத் தூக்குபவர் தன்னையறியாமல் பின்னால் சாய்வார். கட்டை தோள்குழியை விட்டுப் புஜத்துக்கு நழுவும். சுட்டதும் அங்கே கன்றிப்போகும். "இந்தக் காலிபர் எனக்குத் தாங்காது" என்று பலர் முடிவுகட்டுவது இதனால்தான். 12½ முதல் 13 அங்குலம் வரையுள்ள காம்பாக்ட் கட்டையைப் பாருங்கள். தகடுகளைச் சேர்த்தும் கழற்றியும் நீளம் மாற்றக்கூடிய கட்டை இன்னும் நல்லது. குளிருக்குப் போடும் மேலங்கியின் தடிமனும் இந்தக் கணக்கில் சேரும்.

அடுத்தது கன்னம். கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் ஏற்றுங்கள், பிறகு திறங்கள். ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கியில்) முழு வட்டமும் தெரிந்தால் சரி. விளிம்பில் கறுப்புப் பிறை தெரிந்தால் கண் நடுவில் இல்லை என்று அர்த்தம். கழுத்து நீண்டவர்களுக்குக் கட்டையின் மேடு தாழ்வாக அமைந்து, கன்னம் அந்தரத்தில் நிற்கும். மேட்டை உயர்த்தும் கன்னப்பட்டை இதற்குப் போதும்.

இப்போது காலிபர். 7½ பவுண்டு ரைஃபிளில் .243 வின்செஸ்டரின் உதைப்பு ஏறத்தாழ 9 அடி-பவுண்டு (உதைப்பின் ஆற்றலை அளக்கும் அலகு), .308-இன் உதைப்பு ஏறத்தாழ 16. 7எம்எம்-08, 6.5 கிரீட்மோர் என்ற தோட்டா வகைகள் இடையில் நிற்கின்றன. முதல் ரைஃபிளுக்கு 140 கிரெயின் (குண்டின் எடை அலகு) குண்டோடு 7எம்எம்-08 என்பதே எங்கள் பரிந்துரை. மானுக்குத் தாராளமாகப் போதும், குண்டு சரியான இடத்தில் பட்டால். .243 இன்னும் மென்மையானது, ஆனால் 95-100 கிரெயின் விரியும் குண்டு கட்டாயம், தவறுக்கு இடமும் குறைவு. வேட்டையாடும் பகுதியின் சட்டம் மானுக்குக் குறைந்தபட்சக் காலிபர் வைத்திருக்கிறதா என்று வாங்குமுன் பாருங்கள்.

பெண்ணுக்கு என்றால் இலகுவான ரைஃபிள் என்று எடுத்துவிடாதீர்கள். அதே தோட்டாவுக்கு 8 பவுண்டு ரைஃபிளைவிட 6 பவுண்டு ரைஃபிளின் உதைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடும். குழல் முனையில், வாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் பிரேக் மாட்டினால் உதைப்பு குறையும். சத்தமோ காதைப் பிளக்கும். பயிற்சியில் காதடைப்பானும் காதுமூடியும் சேர்த்தே அணியுங்கள்.

கட்டையைக் குறுக்கியவர்கள் ஸ்கோப்பை முன்னால் தள்ள மறக்கிறார்கள். தலை முன்னால் வந்துவிட்டதல்லவா? கண்ணுக்கும் லென்சுக்கும் இடையே 3½ முதல் 4 அங்குலம் வேண்டும். குறைந்தால் உதைப்பில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும். படுத்துச் சுடும்போது தலை இன்னும் முன்னால் நகரும், அந்த நிலையிலும் சரிபாருங்கள்.

உதைப்புக்குப் பயந்து சுடுகிறோமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. மைதானத்தில், துணைக்கு வந்தவர் நிஜத் தோட்டாக்களுக்கு இடையே வெடிமருந்தே இல்லாத பயிற்சித் தோட்டா ஒன்றை உங்களுக்குத் தெரியாமல் வைக்கட்டும். 'க்ளிக்' என்றதும் குழல் முனை சட்டென்று தாழ்ந்தால், உதைப்பு மிகக் குறைந்த .22 ரைஃபிளுக்குத் திரும்பிச் சில வாரம் பழகுங்கள்.

மேசையில் ரைஃபிளை ஊன்றி 100 கஜத்தில் குறியைச் சரிசெய்த பின், மேசையை விட்டு இறங்குங்கள். 8 அங்குலத் தட்டு ஒன்றை வைத்து, உட்கார்ந்தும் மண்டியிட்டும் ஐந்தைந்தாகச் சுடுங்கள். ஐந்தும் தட்டில் விழும் தூரம்வரைதான் மானைச் சுட வேண்டும்.

அளக்க வரும்போது மேலங்கியையும், மூக்குக்கண்ணாடி அணிபவரானால் அதையும் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
கடையினர்