தண்ணீர் மிஷின் விஷயமாகப் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். இந்த வருஷம் மழை பரவாயில்லை, ராகி நன்றாகப் பிடித்திருக்கிறது.

போனில் நீ சொன்ன ஒரு வார்த்தை மனதைவிட்டுப் போகவில்லை. “வீட்ல இருக்கறவங்களுக்கு எந்தத் தண்ணி நல்லதுன்னு தெரியாதுப்பா, அதனாலதான் தண்ணி சுத்தம் பண்ற ஆர்.ஓ. மிஷினுக்குக் கட்டுப்பாடு வேணும்” என்றாய். டில்லியில் விதிமுறைகளுக்கு வரைவு எழுதுகிற வேலையில் இருக்கிறாய். நீ எழுதுகிற ஒரு வரி நம் பாலக்கோட்டு அடுப்படி வரை வந்து நிற்கும். அதனால் நிதானமாகப் படி.

நம் தோட்டத்து வீட்டுக்குப் போர் தண்ணீர்தான். இந்தத் தர்மபுரி, கிருஷ்ணகிரி மண்ணுக்கு அடியில் இருப்பது பாறை. அந்தப் பாறையிலிருந்து ஃப்ளூரைடு தண்ணீரில் கரைந்து வருகிறது. ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை குடிக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டினால் குழந்தைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை விழும். வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பில் ஏறும். உன் ஆயா கடைசிக் காலத்தில் முழங்காலை மடக்க முடியாமல் நின்றுகொண்டே ராகி புடைத்ததை நீ பார்த்திருக்கிறாய். இந்த இரண்டு மாவட்டத்துக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013ல். அரசாங்கம் செய்த நல்ல காரியம் அது, நான் மறுக்கவில்லை.

இப்போது உன் விதிக்கு வருகிறேன். 2019ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கிற மொத்த உப்பு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கிற இடங்களில் ஆர்.ஓ. மிஷினைத் தடை செய்ய வழி பண்ணுங்கள் என்று மத்திய அரசுக்குச் சொன்னது. தண்ணீர் வீணாகிறது, உடம்புக்கு வேண்டிய தாது உப்பும் போய்விடுகிறது என்பது காரணம். டி.டி.எஸ். பேனாவை டம்ளரில் விட்டுப் பார்த்திருக்கிறாயே, அது என்ன செய்கிறது? தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, மொத்த உப்பு இவ்வளவு என்று ஒரு எண்ணைக் காட்டுகிறது. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. பேனா 400 காட்டுகிற தண்ணீரில் ஃப்ளூரைடு 3 மில்லிகிராம் இருந்தால், 400ல் அது வெறும் 3. எண்ணைப் பார்த்தால் தண்ணீர் பாஸ். ஆனால் பிள்ளையின் பல் போய்விடும். கால்சியம் குறைந்த தண்ணீரில்தான் ஃப்ளூரைடு அதிகம் கரையும் என்பதையும் சேர்த்துப் பார். காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடத்தான் செய்யும்.

ஃப்ளூரைடை எடுக்க ஆர்.ஓ.வைத் தவிர ஆக்டிவேட்டட் அலுமினா மாதிரி வேறு வழிகள் இருக்கின்றன, தெரியும். ஆனால் நம் ஊர்க் கடையில் கிடைப்பதும், கெட்டுப்போனால் சர்வீஸ் பண்ண ஆள் வருவதும் ஆர்.ஓ.வுக்குத்தான். வீணாகிற தண்ணீரை உன் அம்மா ஒரு டிரம்மில் பிடித்து வைக்கிறாள். பாத்திரம் கழுவவும் வீடு துடைக்கவும் அது சரியாக இருக்கிறது. மாட்டுக்கு மட்டும் வைக்கமாட்டாள், ஃப்ளூரைடு அதில்தான் சேர்ந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இவளைத்தான் “தெரியாதவங்க” என்கிறாய்.

விதியே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. 2011ல் செல்போன் நம்பர் மாறாமல் கம்பெனி மாறலாம் என்று விதி வந்தது. அது எனக்குக் கதவைத் திறந்துவிட்ட விதி, கையெடுத்துக் கும்பிடுவேன். ஏ.சி.யில் நட்சத்திரம் ஒட்டச் சொன்னார்கள், கரண்ட் எவ்வளவு ஆகும் என்று பார்த்து வாங்க முடிகிறது. 2020லிருந்து ஏ.சி. 24 டிகிரியில் ஆரம்பிக்க வேண்டும் என்றார்கள், அதுவும் சரி, கூட்டுவதும் குறைப்பதும் என் கையில் இருக்கிறது. 2025 ஜூனில் 20க்குக் கீழே வைக்கவே முடியாதபடி செய்யப்போவதாக மந்திரி அறிவித்தாரே, அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. என் வீடு, நான் கட்டுகிற கரண்ட் பில். வேண்டிய விவரத்தை என் கையில் கொடுங்கள், முடிவை நான் எடுக்கிறேன்.

உன் தாத்தா ரேடியோ வைத்திருந்ததற்கு வருஷா வருஷம் தபால் ஆபீஸில் பணம் கட்டி லைசென்ஸ் புதுப்பித்தார். பாட்டுக் கேட்க லைசென்ஸ்! அந்தக் காலத்தை எதிர்த்துத்தான் ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, ‘லைசென்ஸ் பெர்மிட் ராஜ்யம்’ என்று பேர் வைத்து, 1959ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். அதே ராஜாஜிதான் 1937ல் நம் ஊரும் சேர்ந்திருந்த பழைய சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கும் கொண்டுவந்தார். அதில் நான் அவர் பக்கம் இல்லை. அது தனிப் பேச்சு, நேரில் வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பழைய புத்தி இன்னும் போகவில்லை. 2023 ஆகஸ்டில் லேப்டாப் இறக்குமதிக்கு லைசென்ஸ் என்று திடீரென்று அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் தள்ளிப்போட்டார்கள். 2025 கடைசியில் எல்லாப் புது போனிலும் சஞ்சார் சாத்தி என்கிற அரசாங்கச் செயலியைப் போட்டே விற்க வேண்டும் என்று உத்தரவு போட்டு, சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். நல்ல செயலி என்றால் வேண்டியவர்கள் இறக்கிக்கொள்ள மாட்டார்களா?

உன் வரைவில் இரண்டு வரி சேர்க்க முடியுமா என்று பார். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு எத்தனை லிட்டர் வீணாகும் என்று மிஷின் பெட்டியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் போடட்டும். ஊர் ஊராகப் போர் தண்ணீரைச் சோதித்து ஃப்ளூரைடு அளவை மேல்நிலைத் தொட்டியிலேயே பெயிண்டில் எழுதி வைக்கட்டும். 500 என்கிற ஒரே எண்ணை வைத்து மிஷினை நிறுத்துகிற வரி இருந்தால், உன் மேலதிகாரியிடம் இந்தக் கடிதத்தையே காட்டு.

அப்புறம், பொங்கலுக்கு வரும்போது ஃப்ளூரைடு டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி வா. பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் அவர்கள் போரைப் பார்த்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். அம்மா உனக்கு ராகி மாவு அரைத்து வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா